பொறுப்பு நின்றவர்

வேலணை
12.02.2025

அன்புள்ள பவதாரணி,

உமக்கு நான் கடிதம் எழுதுறது இதுதான் முதல் தரம். உம்மட அண்ணையைக் கலியாணம் கட்டின நாளில இருந்து நானும் நீரும் போனில "சுகமோ, சுகம்" எண்டு கதைச்சதோட சரி. இப்பவும் போனில கதைக்கலாம்தான். ஆனால் நான் போனை எடுத்தால் அவர் பக்கத்தில வந்து நிண்டிடுவார். இது அவருக்குத் தெரியாமல் எழுதுற கடிதம். பதில் எழுதுறதெண்டால் வீட்டுக்கு எழுதாதையும், கடித உறையின்ர பின்பக்கம் இருக்கிற எங்கட கிளினிக் விலாசத்துக்கு எழுதும். மிட்வைபுக்கு நோர்வேயில இருந்து கடிதம் வருது எண்டு நேர்ஸ் மேர்சி ரெண்டு நாளைக்குப் பகிடி பண்ணுவா. பரவாயில்லை.

உம்மை அங்க இசைக்குழுவுக்குத் தலைமை நடத்துநராய்ப் போட்டிருக்கினமாம். இஞ்ச பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிற நிமலினி ரீச்சர் தன்ர போனில கொண்டுவந்து காட்டினவ. கறுப்பு உடுப்போட, கையில ஒரு மெல்லிய தடியோட நிக்கிறீர். வடிவாய்த்தான் இருந்தது. அண்டைக்கு முழுக்க உம்மட அண்ணை அந்தப் படத்தைக் காட்டாத ஆள் இந்த ஊரில இல்லை. மீன்காரனுக்கும் காட்டினவர்.

படத்துக்குக் கீழ உம்மட பேட்டி. அதையும் சத்தமாய் வாசிச்சவர். "நான் தனியாகத்தான் வந்தேன். எனக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை." அவர் குரல் மாறாமல் தொடர்ந்து வாசிச்சவர். எனக்குத்தான் அதுக்குப் பிறகு ஒண்டும் காதில ஏறேல்லை.

பவதாரணி, உமக்கு மறந்து போச்சுதோ? தொண்ணூற்றி நாலாம் ஆண்டு. தீவை விட்டு இடம்பெயர்ந்து கொக்குவிலில எல்லாரும் ஒரே வளவுக்குள்ள இருந்தனாங்கள். கொழும்பில நோர்வேக்காரர் வயலினுக்குச் சோதினை வைச்சு, தங்கட நாட்டில படிக்க ஆள் எடுக்கினம் எண்டு உமக்கும் உம்மட அண்ணைக்கும் அழைப்பு வந்தது. அப்ப இயக்கத்தின்ர அனுமதிப் பாஸ் இல்லாமல் ஒரு இளம் ஆள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிடேலாது. போற ஆள் திரும்பி வரும் எண்டு வீட்டில ஒரு ஆள் பொறுப்பு நிக்கவேணும். நீர் போனனீர். அவர் பொறுப்பு நிண்டவர். நீர் திரும்பி வரேல்லை. அதுக்காக அவரைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மாதம் பங்கர் வெட்ட விட்டவை. இதை அவர் உமக்குச் சொல்லியிருக்க மாட்டார். உள்ளங்கை முழுக்கக் கொப்புளத்தோட திரும்பி வந்ததை நான் கண்ணால கண்டனான்.

"பின்னால் யாரும் நிற்கவில்லை." நிண்ட மனுசன் இப்ப மிளகாய்க்குத் தண்ணி கட்டிக்கொண்டிருக்கிறார்.

வேற ஒண்டுமில்லை. உள்ளுக்க வைச்சிருந்தால் பிரஷர் ஏறும், அதால எழுதினனான். குளிருக்க உடம்பைப் பாத்துக்கொள்ளும்.

கோசலா


மோல்ட, நோர்வே
09.03.2025

அன்புள்ள மச்சாள்,

ஒத்திகைக்குப் போகிற வழியில் உங்கள் கடிதத்தை எடுத்து பஸ்சில் வாசித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், பனிக்குள் நடந்து திரும்பி வந்தேன். ஐம்பது பேர் வாத்தியங்களைச் சுருதி சேர்த்துவிட்டு எனக்காகக் காத்திருந்தார்கள். அன்றைக்கு அவர்கள் எப்படி வாசித்தார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

பங்கர் வெட்டிய கதை எனக்குத் தெரியாது, மச்சாள். அம்மா அப்போது எழுதிய கடிதங்களில் "அண்ணை சுகம், நீ படி" என்பதைத் தவிர வேறொன்றும் இருக்காது. நானும் படித்தேன்.

பேட்டியில் நான் அப்படிச் சொன்னது உண்மை. மொழிபெயர்த்தவர் ஒன்றையும் மாற்றவில்லை. "உங்கள் வீட்டில் வேறு யாராவது வாசிப்பார்களா?" என்று அந்த நிருபர் பெண் கேட்டாள். "அண்ணை" என்று தொடங்கினால் அந்த இடத்திலேயே அழுதுவிடுவேன் என்று பயந்து, கதவைச் சாத்துகிற மாதிரி அப்படிச் சொல்லிவிட்டேன். இந்தப் பயம் எனக்கு நெடுநாளாக உண்டு. இங்கே வந்து படித்தது, இசைக்குழுவின் கடைசி வரிசையில் வருடக்கணக்காக வயலின் வாசித்தது, ஒருநாள் நடத்துநர் காய்ச்சலில் விழ "நான் நிற்கட்டுமா?" என்று கேட்டு அந்த மேடையில் ஏறியது, எல்லாமே அண்ணை நிற்க வேண்டிய இடத்தில் நான் நிற்கிறேன் என்ற எண்ணத்தோடுதான். அவர் என்னைவிட நன்றாக வாசித்தவர். வீட்டில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அதனால்தான் போனில் அவரோடு இசையைப் பற்றி நான் ஒரு சொல்லும் கதைப்பதில்லை. மழை வந்ததா, வெங்காயம் என்ன மாதிரி என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். மூடிக் கிடக்கிற அவருடைய வயலினை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

புரட்டாதியில் தலைமை நடத்துநராக என் முதல் கச்சேரி. அதற்கு நானே ஒரு படைப்பு எழுத வேண்டும். தனி வயலினுக்கும் முழு இசைக்குழுவுக்கும், மூன்று பாகம். அதை அண்ணைக்காக எழுதுகிறேன். முதல் பாகம் முடிந்தது. இரண்டாம் பாகம் பின்னால் விடப்பட்ட ஒருவனின் புலம்பல். இரண்டு மாதமாக எழுதுகிறேன். எழுதுவதெல்லாம் பொய்யாகக் கேட்கிறது. ஏனென்று தெரியவில்லை.

கோபத்தில் எழுதினாலும் எழுதினீங்களே, அதற்கு நன்றி மச்சாள். இத்தனை வருடத்தில் வேறு யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை.

பவா


வேலணை
02.04.2025

அன்புள்ள பவா,

உம்மட கடிதத்தை அனலைதீவுக்குப் போற வள்ளத்தில வைச்சு வாசிச்சன். மாதத்தில ரெண்டு தரம் அங்க கர்ப்பிணித் தாய்மாரைப் பாக்கப் போறனான். பக்கத்தில இருந்த மனுசி "ஏன் பிள்ளை அழுறாய்?" எண்டு கேட்டா. கண்ணுக்குள்ள உப்புத்தண்ணி அடிச்சிட்டுது எண்டு சொல்லிச் சமாளிச்சன்.

ஆனால் ஒண்டு கேக்கவேணும். வயலின் மூடிக் கிடக்குது எண்டு ஆர் உமக்குச் சொன்னது?

அந்த மனுசன் வயலினை ஒரு நாளும் விட்டதில்லை. யாழ்ப்பாணத்தில எந்தப் பிள்ளைக்குப் பரத நாட்டிய அரங்கேற்றம் எண்டாலும் "வேலணை பிரதாபன் வருவாரோ?" எண்டுதான் முதலில கேப்பினம். மோட்டச்சைக்கிளின்ர பின்னுக்கு வயலின் பெட்டியைக் கட்டிக்கொண்டு, பண்ணைப் பாலத்தால அவர் போறதைப் பாத்தால் சவப்பெட்டி கொண்டு போற மாதிரி இருக்குமெண்டு மேர்சி சிரிப்பா. கோயில் திருவிழா எண்டால் பத்து நாளும் வீட்டில ஆளைக் காணேலாது. உமக்கு இது தெரியாதெண்டால், நீர் கேக்கேல்லை. அவர் ஏன் சொல்லேல்லை எண்டும் எனக்குத் தெரியும். "அவள் பெரிய இடத்தில நிக்கிறாள், நான் சலங்கைக்குப் பின்னால இருந்து வாசிக்கிறதை அவளுக்கு என்னெண்டு சொல்லுறது" எண்டு ஒருக்கால் சொன்னவர். ரெண்டு பேருக்கும் வாய் இருக்கு, பிரயோசனமில்லை.

நீர் அந்தத் தடியோட நிண்டு என்ன செய்யிறனீர் எண்டு எனக்கு வடிவாய் விளங்கேல்லை. சத்தம் போடுறது மற்ற ஆக்கள், கைதட்டு உமக்கு. யோசிச்சுப் பாத்தால் என்ர வேலையும் அதுதான். பெறுறது தாய். நான் பக்கத்தில நிண்டு "இப்ப முக்கு, இப்ப பொறு" எண்டு சொல்லுறன். பிறகு சனம் "கோசலா மிட்வைப் பெறுவிச்ச பிள்ளை" எண்டு சொல்லும்.

இன்னொண்டு எழுதலாமோ எண்டு யோசிச்சு யோசிச்சு எழுதுறன். உம்மட நினைப்பில அவர் உமக்காக ஒரு வாழ்க்கையை விட்டவர். நல்லது. அப்ப நான் ஆர்? அந்த வாழ்க்கை கிடைக்காததால கிடைச்ச மிச்சம். எங்கட கலியாணம் பேசிச் செய்தது. மாமி கேட்டா, அவர் தலையாட்டினவர். வேற வழியில்லாத மனுசன் தலையாட்டாமல் என்ன செய்யும்? அவர் வயலினை எடுக்கிற நேரமெல்லாம் நான் குசினிக்குள்ள போய் அடுப்படியில ஏதும் வேலை தேடுவன். இதை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. உம்மில இருந்த கோபமெல்லாம் உம்மில இருந்த கோபம் மட்டுமில்லை எண்டு இப்ப எழுதேக்கதான் விளங்குது.

இதுக்குப் பதில் எழுதவேணும் எண்டில்லை.

கோசலா


மோல்ட
28.04.2025

மச்சாள்,

எழுத வேண்டாம் என்றீங்கள். ஆனால் ஒரு விஷயம் நடந்தது, எழுதாமல் இருக்க ஏலாது.

நேற்று கனடாவிலிருந்து பாலசிங்கம் சித்தப்பா போன் எடுத்தார். பதவி கிடைத்ததற்கு வாழ்த்துச் சொல்ல. கொக்குவில் காலத்தைப் பற்றிக் கதை வந்தது. "அண்ணை எனக்காகப் பொறுப்பு நின்றவர், சித்தப்பா" என்று சொன்னேன்.  அவர் சொன்னார்: "அவன் ஏன் நிண்டவன் எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை, பிள்ளை. உங்கள் ரெண்டு பேருக்கும் நானே பொறுப்பு நிக்கிறன் எண்டு சொன்னனான். இயக்கப் பெடியளும் சம்மதிச்சவங்கள். இவன்தான் வந்து, சித்தப்பா நீங்கள் நிக்க வேண்டாம், நான் நிக்கிறன் எண்டவன்."

 அண்ணையும் வந்திருக்கலாம், மச்சாள். இரண்டு பேரும் போயிருக்கலாம்.

பிறகு ஏன் வரவில்லை? நான் கேட்டால் சிரித்துவிட்டு மழையைப் பற்றிக் கதைப்பார். நீங்கள் கேளுங்கோ. என்ன சொன்னாலும் அப்படியே எழுதுங்கோ. எனக்கு நோகும் என்று ஒன்றையும் குறைக்க வேண்டாம்.

பவா


வேலணை
25.05.2025

அன்புள்ள பவா,

கேட்டனான். கேக்க எனக்கு ரெண்டு கிழமை எடுத்தது. பயம். உம்மைவிட எனக்குத்தான் கூடப் பயம்.

போன கிழமை சனிக்கிழமை வெங்காயம் பிடுங்கிக் கொண்டுவந்து விறாந்தையில குவிச்சிட்டு, நானும் அவரும் இருந்து பிடி கட்டினனாங்கள். கைக்கு வேலை இருந்தால் கேக்கிறது லேசு. நடந்ததை நடந்த மாதிரி எழுதுறன்.

"கொக்குவிலில சித்தப்பா பொறுப்பு நிக்கிறன் எண்டு சொன்னவராமே?"

"ஆர் சொன்னது?"

"பவா எழுதியிருக்கிறா."

"பவா உமக்கு எழுதுறவளோ?" எண்டு கையில இருந்த வெங்காயத்தைக் கீழ வைச்சிட்டார்.

"அதைப் பேந்து சொல்லுறன். சொன்னவரோ, இல்லையோ?"

"ஓம், சொன்னவர்."

"அப்ப நீங்கள் ஏன் போகேல்லை?"

"எனக்குப் போக விருப்பமில்லை."

"உலகமே வெளிக்கிட்டு ஓடின நேரம் உங்களுக்கு மட்டும் ஏன் விருப்பமில்லை?"

கீழ வைச்ச வெங்காயத்தைத் திரும்ப எடுத்தார். ரெண்டு பிடி கட்டி முடிச்சவர். பேந்து என்னைப் பாராமலே சொன்னவர்: "பக்கத்து அறையில ஒரு பெட்டை இருந்தவள். பேக்கரியில பாண் வாங்குற வரிசையில ஆரும் இடையில பூந்தால் சண்டை பிடிப்பாள். பெரிய ஆம்பிளையள் எண்டும் பாக்க மாட்டாள். ஒருநாள் ஒரு கிழவனை முன்னுக்கு விட்டிட்டு, அந்தக் கிழவனைத் தள்ளினவனைப் பிடிச்சு வாங்கு வாங்கெண்டு வாங்கினவள். அவளை விட்டிட்டுப் போக மனம் வரேல்லை."

 "எந்தப் பெட்டை?" எண்டு கேட்டன். மெய்யாத்தான் கேட்டனான், பவா. அந்த வளவுக்குள்ள பத்துப் பன்னிரண்டு பெட்டையள் இருந்தவை.

அவர் என்னைத் திரும்பிப் பாத்தார். "எடி விசரி," எண்டார்.

நான் எழும்பிக் கிணத்தடிக்குப் போயிட்டன். முகம் கழுவினன். திரும்பி வந்து, "ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" எண்டு கேட்டன். "உமக்குத் தெரியும் எண்டெல்லோ நினைச்சன்," எண்டார். "மாமி கேட்டுத்தானே தலையாட்டினனீங்கள்?" எண்டால், "அம்மாவை ஆர் கேக்கச் சொன்னது?" எண்டு கேக்கிறார்!

பங்கர் வெட்டிப் போட்டு வந்த அண்டைக்கு நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் குடுத்தனான். பாவம் எண்டு குடுத்தது. அவருக்கு அதுதானாம் நான் அவரோட கதைச்ச முதல் நாள். நான் என்ன சொன்னனான் எண்டும் சொல்லுறார். "சீனி கொஞ்சம் குறைவு" எண்டனானாம்.

உமக்கும் ஒரு செய்தி சொல்லிவிட்டவர். அதையும் அப்பிடியே எழுதுறன்: "பவாவுக்கு எழுதும். அவள்தான் என்னைவிட நல்லா வாசிச்சவள். அப்பவே எனக்குத் தெரியும். நான் மூத்தவன், ஆம்பிளைப் பிள்ளை, அதால எல்லாரும் மறுவளமாய்ச் சொன்னவை. ரெண்டு பேரும் சோதினைக்குப் போயிருந்தாலும் அவளைத்தான் எடுத்திருப்பினம், என்னைத் திருப்பி அனுப்பியிருப்பினம். அதால அவள் ஒரு நாளும் என்ர இடத்தில நிக்கேல்லை. அவள் தன்ர இடத்தில நிக்கிறாள்."

எனக்கு ஐம்பது வயசு, பவா. போன மாதம் மூக்குக் கண்ணாடி மாத்தினனான். ஆனால் இந்தக் கிழமை முழுக்க ஸ்கூட்டியில போகேக்க தனிய இருந்து சிரிக்கிறன். மண்கும்பான் ரோட்டில ஒரு தகப்பன் மறிச்சு, "மிஸ், பிள்ளைக்கு ஊசி எப்ப?" எண்டு கேக்க, நான் ஓம் ஓம் எண்டு சிரிச்சுக்கொண்டே போயிட்டனாம்.

உமக்குத்தான் நன்றி. நீர் கேக்கச் சொல்லியிருக்காட்டி நான் செத்தாலும் கேட்டிருக்க மாட்டன்.

உம்மட மச்சாள்
கோசலா


மோல்ட
22.06.2025

என் அன்பு மச்சாள்,

உங்கள் கடிதத்தை இடைவேளையில் ஒத்திகை மண்டபத்துப் படியில் இருந்து வாசித்தேன். "எந்தப் பெட்டை?" என்ற இடத்தில் நான் சத்தமாகச் சிரித்தது உள்ளே வரைக்கும் கேட்டதாம். அண்ணை எனக்குச் சொல்லிவிட்டதை வாசித்து அழுதபோது ஓபோ வாசிக்கிற பெண் ஓடிவந்து, யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டாள். இல்லை, எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள் என்று சொன்னேன். அதைச் சொல்லும்போதும் அழுதேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மச்சாள், அண்ணை எனக்காகத் தன் வாழ்க்கையைத் தந்தார் என்று நினைத்திருந்த காலமெல்லாம் அவருக்கு ஒரு நன்றிகூடச் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. அவ்வளவு பாரத்துக்கு என்ன நன்றி சொல்வது? இப்போது சொல்லலாம் போல் இருக்கிறது. பங்கர் வெட்டியது என்னால்தான். அதற்கு முதலில் சொல்கிறேன். என்னைத் தன்னைவிட நன்றாக வாசிக்கிறவள் என்று நினைத்ததற்குச் சொல்கிறேன். உங்களுக்காகப் போகாமல் நின்றதற்கும் சொல்கிறேன். இல்லாவிட்டால் எனக்கு இப்படி ஒரு கடிதம் எழுதுகிற ஆள் கிடைத்திருக்காது.

அந்த இரண்டாம் பாகத்தைத் தூக்கி எறிந்துவிட்டேன். புலம்பல் ஏன் பொய்யாகக் கேட்டது என்று இப்போது தெரிகிறது. புலம்ப அங்கே ஒருவரும் இருக்கவில்லை. பதிலாக ஒரு பாண் வரிசை எழுதியிருக்கிறேன். செலோக்காரர் எல்லாரும் மெதுவாக, சலிப்போடு நகர்கிறார்கள். திடீரென்று ட்ரொம்போன் ஒன்று இடையில் நுழைகிறது. தனி வயலின் அதைப் பிடித்துக்கொள்கிறது. விடவே விடாது. கடைசியில் ட்ரொம்போன் பின்னுக்குப் போய் நிற்க வேண்டியதுதான். முதல் தரம் வாசித்துப் பார்த்தபோது எங்கள் ஆட்கள் சிரித்து, நான் தடியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டி வந்தது.

நிகழ்ச்சித் தாளில் உங்கள் பெயரைப் போடலாமா? அண்ணையிடமும் ஒன்று கேட்கப் போகிறேன், இந்த முறை நானே போனில். அந்தத் தனி வயலினை அவர் வந்து வாசிப்பாரா?

பவா


வேலணை
29.09.2025

அன்புள்ள பவா,

நீர் போனில கேட்டதுக்கு அவர் மாட்டன் எண்டு சொன்னதில உமக்குக் கொஞ்சம் மனவருத்தம் எண்டு தெரியும். எனக்கும்தான். ஆனால் அவர் சாட்டுச் சொல்லேல்லை. அதே நாள் காலமை யாழ்ப்பாணத்தில அவற்ற சிநேகிதன் ஜெகதீஸின்ர மகளுக்கு அரங்கேற்றம், வாறன் எண்டு எப்பவோ வாக்குக் குடுத்திட்டார். "நோர்வேயில நான் இல்லாட்டி இன்னொரு ஆள் வாசிக்கும். அந்தப் பிள்ளை என்ர வில்லுக்குத்தான் ஆடிப் பழகினது," எண்டு சொல்லிப்போட்டார். கேட்டதே போதுமாம். நீர் கேட்ட அண்டைக்குப் பின்னேரம் தோட்டத்துக்குப் போகாமல் விறாந்தையில சும்மா இருந்தவர்.

அரங்கேற்றம் முடிய, சாப்பிடாமல் கூட ஓடி வந்திட்டார். உம்மட கச்சேரியைப் பாக்க நிமலினி ரீச்சர் போனை ரீவியில பூட்டித் தந்தா. மேர்சி அல்லைப்பிட்டியில இருந்து புருசனோட வந்தவ. கதிரை காணாமல் பக்கத்து வீட்டிலயும் எடுத்தனாங்கள். நீர் வந்து நிண்டு கும்பிடேக்க மேர்சி கைதட்டினா. ரீவிக்குக் கைதட்டாதையும் எண்டு அவர் சொல்லிப்போட்டு, தான் எழும்பி நிண்டு தட்டினவர்.

முதல் பாகம் எனக்கு விளங்கேல்லை, பொய் சொல்ல மாட்டன். ரெண்டாவது தொடங்க, அந்தப் பெரிய குழல் பூந்ததும் இவர் சிரிக்கத் தொடங்கினவர். அந்த வெள்ளைக்காரப் பிள்ளை வயலினால அதைப் பேசுற பேச்சு! "நான் இப்பிடியோ கத்தினனான்?" எண்டு கேட்டன். "இது காணாது, நீர் இன்னும் கூடக் கத்தினனீர்," எண்டார். மேர்சிக்கு விசயம் தெரியாது. "ஏன் ரெண்டு பேரும் சிரிக்கிறியள், இது நல்ல பாட்டெல்லோ?" எண்டு கோவிச்சா.

கச்சேரி முடிய நீரும் அவரும் போனில கதைச்சது எனக்கு முழுக்கக் கேட்டது. மழையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மூண்டாம் பாகத்தில ஒரு இடத்தில காந்தாரம் அசையாமல் தட்டையாய் நிக்குது எண்டு அவர் சொல்ல, நீர் இல்லையெண்டு சண்டை பிடிக்க, அவர் போனைக் கதிரையில வைச்சிட்டு வாசிச்சுக் காட்ட, நீர் அங்க இருந்து வாசிச்சுக் காட்ட. எனக்கு ஒரு பக்கமும் விளங்கேல்லை. ஆனால் உங்கட சத்தம் சின்னப் பிள்ளையளின்ர சத்தம் மாதிரி இருந்தது. அந்த இடத்தை மாத்தப் போறீராம் எண்டு அடுத்த நாள் முழுக்க ஊருக்குச் சொல்லித் திரிஞ்சவர்.

என்ர பேரை அந்தத் தாளில போட்டதுக்கு என்ன சொல்லுறது எண்டு தெரியேல்லை. நோர்வே எழுத்தில எழுதினதை அவர் எனக்கு எழுத்துக் கூட்டி வாசிச்சுக் காட்டினவர். நன்றி பவா. பெரிய சொல்லொண்டும் எனக்கு வராது. மாரிக்கு ஒருக்கால் இஞ்ச வாரும். உமக்கு ஒரு அறை துப்புரவாக்கி வைச்சிருக்கிறன்.

அண்டைக்கு எல்லாரும் போன பிறகு நான் சோத்தைப் போட்டு வைச்சிட்டு அவரைக் கூப்பிட்டன். வரேல்லை. போய்ப் பாத்தால், வயலினோட இருந்து அந்த ரெண்டாம் பாகத்தைக் கேட்ட நினைவில வாசிச்சுப் பாக்கிறார். உம்மட மெட்டுத்தான், ஆனால் தன்ர பாட்டுக்கு வளைச்சு, இழுத்து, எங்கட ஊர்ப் பாட்டு மாதிரி. "சோறு ஆறப் போகுது," எண்டன். தலையை ஆட்டினாரே தவிர நிப்பாட்டேல்லை. நான் குசினிக்குத் திரும்பப் போனன். பேந்து பாதியில நிண்டு யோசிச்சன். எனக்கு இப்ப குசினிக்குள்ள என்ன வேலை?

வந்து, அவருக்கு முன்னால கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தன். கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில அவர் வாசிக்க நான் இருந்து கேட்டது அண்டைக்குத்தான். அவர் ஒருக்கால் நிமிந்து பாத்திட்டு, மறுபடியும் முதலில இருந்து தொடங்கினவர்.

சோறு ஆறட்டும் எண்டு விட்டிட்டன்.

கோசலா